எதிர்பாராத தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் வரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் தீவு. பாலத்தைக் கடந்து, மலைக்கோட்டையையும் தாண்டித் தெற்கே போனால் கதை வேற. கீழே பாறை. ஒரு வீட்டு போரில் தண்ணி கொட்டும், அடுத்த வீட்டில் புழுதி பறக்கும். பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும் என்பது எங்க ஊர் போர்வெல்காரருக்கே தெரியும்.

அதனால்தான் மலையைக் குடைபவர்கள் ‘எதிர்பாராத நிலவியல் சூழல்’ என்று சொல்லும்போது பற்றிக்கொண்டு வருகிறது. இலங்கையில் உமா ஓயா மின், பாசனத் திட்டத்துக்குச் சுமார் 15 கி.மீ. சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பக்கம் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் விரிசல் விட்டன. 2017இல் ஊரே தெருவுக்கு வந்தது. 2024 ஏப்ரலில் திறப்பு விழா.

எந்த வெடிப்பு எங்கே அறுபடும் என்று கணினி மாதிரியால் துல்லியமாகச் சொல்ல முடியாதுதான், ஒத்துக்கிறேன். ஆனால் மலை முழுக்க ஒரே கசிவுத்திறனைச் சராசரியாகப் போட்டு ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதுவது கணிப்பா? சராசரிக் கிணற்றிலா தண்ணி இறைக்கிறோம்? தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்க. இயந்திரத்துக்கு முன்னால் சோதனைத் துளை போட்டுப் பாருங்க, வெடிப்பு வந்தால் சிமெண்ட் கலவை செலுத்தி அடைச்சிட்டு நகருங்க. அதற்கும் முன்னால், ஒரு வருஷமாவது ஒவ்வொரு கிணற்றிலும் ஊற்றிலும் நீர்மட்டத்தை அளந்து, அந்தத் தாளை ஊர்க்காரர் கையில் கொடுங்க. நாளைக்குக் கிணறு வற்றினால், ‘இந்த வருஷம் மழை இல்லம்மா’ என்று சொல்லும் அதிகாரியிடம் அவர் நீட்டுவதற்கு அது ஒண்ணுதான் இருக்கும்.