புறா கற்ற பாடம்

இரணைமடுக் குளத்தின் கீழே, காலபோகச் சூடடிப்பு முடிந்த களங்களில் சிந்திய நெல்லைத் தேடிப் புறாக்கள் வந்திறங்கும். அவற்றைப் பேதைப் பறவைகள் என்பார் பலர். அக்கூற்றை நான் ஏற்கேன்.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் இரை கிடைக்கும்படி செய்தார். இரை வந்த வேளையில் தற்செயலாய்ச் செய்த செயலே அதை வருவித்ததெனக் கொண்டனபோல, ஒரு புறா சுற்றிச் சுற்றி வந்தது; மற்றொன்று கூட்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டியபடியே இருந்தது. 1964-இல் ஹெர்ன்ஸ்டைனும் லவ்லண்டும் வேறு வழி கண்டனர். மனிதர் உள்ள படம் தோன்றும்போது கொத்தினால் மட்டுமே இரை. அப்புறாக்களோ, முன்பு காணாத படங்களிலும் மனிதரை இனங்கண்டன!

பறவை ஒன்றே, பயிற்சிதான் வேறு. ஒன்றில் மூடநம்பிக்கை விளைந்தது. மற்றொன்றில் பகுத்தறியும் திறன் விளைந்தது.

நாமோ பொருளுணராது ஒப்புவித்த வரிக்குப் புள்ளி வழங்குகிறோம். புதிய வினாவைக் கண்டு மாணவன் திகைத்தால் அவனை மந்தன் என்கிறோம். இரையிட்டவன் தவற்றைப் புறாவின்மேல் சுமத்தலாமா?

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த தவணைப் பரீட்சையில் ஒரு வினாவேனும் மாணவன் முன்பு காணாததாக இருக்கட்டும். அதற்கு அவன் சிந்தித்தெழுதும் விடை குறையுடையதாயினும், அதற்கே முதற் புள்ளி கிடைக்கட்டும்.