கடைசற் பட்டறையும் தானே கம்பி ஊட்டும் கருவியும்

1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவுக்கு அண்மையில் உள்ளது கழக்கூட்டம். இவ்வட்டாரத்தில் கடைசற் பட்டறை நடத்துவோர், உலோகக் கம்பியை எந்திரத்திற்குத் தானே ஊட்டும் கருவியை வாங்குமுன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ராக்கெட்டுக்குரிய உறுப்புகள் பல வகையின. ஒவ்வொரு வகையிலும் தேவைப்படுவனவோ சிலவே. வகை மாறுந்தோறும் கருவியைத் திருத்தியமைக்கச் செல்லும் நேரம், அது மிச்சப்படுத்தும் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கில் கடையும் பட்டறைக்கே அதனால் முழுப்பயன் உண்டு.

அங்கும் வேகம் ஒன்றையே கருதலாகாது. 3 மீட்டர்க் கம்பியில் 20 சென்டிமீட்டர் எச்சமாக நின்றுவிடின், பதினைந்தில் ஒரு பங்கு வீணாகும். விலையுயர்ந்த டைட்டானியத்தில் இது சிறிய இழப்பன்று. அதனினும் பெரிது தொழிலாளியின் உயிர். எந்திரத்தின் பின்புறம் தாங்கலின்றி நீண்டிருக்கும் கம்பி, விரைந்து சுழலுங்கால் வளைந்து சாட்டைபோல் வீசும். ஆதலின் கம்பியின் முழு நீளத்தையும் எண்ணெய் நிறைந்த குழாயினுள் தாங்கும் வகையையோ, சுழல்தண்டின் துளைக்குள் அடங்கும் குறுங்கம்பிகளை ஊட்டும் வகையையோ கொள்வதே முறை. விலையை வினவுமுன் தம் வேலையின் வகையையும் அளவையும் கணக்கிடுதல் நன்று.