பெயர்கள் தீர்ந்துபோன ஆண்டு

புயலுக்குப் பெயர் வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். வைக்கப் பெயரே இல்லாமல் போன ஆண்டு ஒன்று உண்டு. அது 2005.

அட்லாண்டிக் கடல் புயல்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் 21 பெயர்கள் கொண்ட பட்டியல் தயாராக இருக்கும். ஆங்கில அகர வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சூட்டுவார்கள். அதற்கு முன் எந்த ஆண்டும் பட்டியல் முழுவதும் தீர்ந்ததில்லை. 2005 ஜூனில் ஆர்லீனில் தொடங்கியது, அக்டோபரில் வில்மாவோடு முடிந்துவிட்டது. புயல்கள் நிற்கவில்லை. வேறு வழியின்றி ஆல்பா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். ஆறாவதான சீட்டா டிசம்பர் 30ஆம் தேதி உருவாகி, 2006 ஜனவரி 6 வரை கடலில் இருந்தது. மொத்தம் 28 புயல்கள். அவற்றில் 15 சூறாவளிகளாக வலுப்பெற்றன.

சாதனைக் கணக்கு போதும். அந்த ஆண்டைப் பற்றி நான் எழுத வந்த காரணம் வேறு.

சூறாவளிகளை ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிப்பார்கள். மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் முதல் வகை. 252ஐத் தாண்டினால் ஐந்தாம் வகை. செய்தியில் அந்த எண்ணைக் கேட்டதும், ஐந்து என்றால் நடுங்குகிறோம், ஒன்று என்றால் நிம்மதி அடைகிறோம். ஆனால் அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு உயரும், மலை சரியுமா என்று அது சொல்லாது.

2005 அக்டோபரில் வந்த இரண்டு புயல்களைப் பாருங்கள்.

வில்மா ஐந்தாம் வகை. ஒரே நாளில் சாதாரணப் புயல் நிலையிலிருந்து அந்த உச்சத்துக்கு ஏறியது. அதன் மையத்தில் பதிவான 882 மில்லிபார்தான் அட்லாண்டிக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த காற்றழுத்தம். மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையையும் புளோரிடாவையும் அது புரட்டிப் போட்டது. ஆனாலும் உயிரிழந்தவர்கள் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை.

ஸ்டான் வெறும் முதல் வகை. அக்டோபர் 4ஆம் தேதி மெக்சிகோவில் கரையேறிச் சில மணி நேரத்தில் வலுவிழந்தது. ஆனால் அதோடு சேர்ந்து பரந்து கிடந்த மழை மேகங்கள் நாள் கணக்கில் கொட்டித் தீர்த்தன. குவாத்தமாலாவில், அத்தித்லான் ஏரிக்கரையில், எரிமலை அடிவாரத்தில் பனபாஹ் என்றொரு மாயா இன மக்களின் சிற்றூர். அதன்மீது இருட்டு விலகுமுன் மலைச் சேறு இறங்கியது. தோண்டித் தேட முடியாத நிலையில், அந்த இடத்தையே இடுகாடாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்த நாட்டில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கும் மேல்.

பேரழிவு தரும் புயல்களின் பெயரை மறுபடி சூட்ட மாட்டார்கள். அந்த ஆண்டு ஓய்வு பெற்றவை டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா. ஐந்தாம் வகையைத் தொட்ட எமிலியின் பெயர் இன்னமும் பட்டியலில் இருக்கிறது. முதல் வகை ஸ்டானின் பெயர் இல்லை.

கத்ரீனாவின் கதையும் இதுதான். நடுக்கடலில் ஐந்தாம் வகையாக இருந்த அது, ஆகஸ்டு 29ஆம் தேதி லூசியானாவில் கரையேறியபோது மூன்றாம் வகைக்கு இறங்கியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் தப்பிவிட்டது என்றே அன்று பலர் நினைத்தார்கள். ஆனால் கால்வாய்களின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் நீரின் அழுத்தம் தாங்காமல் சரிந்தன. சில இடங்களில் நீர் சுவரின் உச்சியை எட்டும் முன்பே சுவர் விழுந்தது. கிண்ணம்போல் தாழ்ந்து கிடக்கும் அந்த நகரத்தில் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. கார் உள்ளவர்கள் போனார்கள். கார் இல்லாதவர்களும் முதியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,800க்கும் மேல் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பின்னர் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. லூசியானாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்.

அடுத்த மாதமே ரீட்டா வந்தது. கத்ரீனாவைப் பார்த்த அச்சத்தில் டெக்சஸில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். கொளுத்தும் வெயிலில் நெரிசல் நகரவில்லை. முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் மாண்டார்கள். ரீட்டாவின் காற்றும் நீரும் கொன்றதைவிட, தப்பி ஓடும் வழியில் இறந்தவர்களே பல மடங்கு.

‘அங்கேதானே, நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். நம் நாட்டுக்குச் சூறாவளி வருவது அபூர்வம்தான். ஆனால் 1996 டிசம்பர் 26ஆம் தேதி சபாவைத் தாக்கிய கிரெக், சூறாவளி நிலையைத் தொடவே இல்லை. கெனிங்காவ் வட்டாரத்தைச் சேர்த்து 200க்கும் அதிகமான உயிர்கள் போயின. 2021 டிசம்பரில் பகாங் கரையேறியது வெறும் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அந்த மழையில்தான் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்த வெள்ளம் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது.

ஆகவே, மழைக்கால எச்சரிக்கை வரும்போது புயல் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் தாமானில் நீர் எந்தப் பக்கமிருந்து ஏறும்? பின்புறச் சரிவு உறுதியானதா? அருகில் உள்ள தற்காலிக நிவாரண மையம் எது? இவற்றை இப்போதே விசாரித்து வையுங்கள். இன்னொன்றும் உண்டு. உங்கள் வரிசை வீடுகளில் கார் இல்லாமல், தனியாக இருக்கும் பாட்டி யார், படுக்கையில் இருக்கும் தாத்தா யார்? அவர்களை யார் அழைத்துப் போவது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். மழை தொடங்கிய பிறகு அதற்கு நேரம் இருக்காது.