சத்தம் போடுற மெசினே போதும்

கொழும்பில இருந்தும் கனடாவில இருந்தும் ஊர் பார்க்க வாற ஆக்கள் முகமாலை தாண்டேக்குள்ள ஒரு கேள்வி கேட்பினம். "ட்ரோன் இருக்கு, ஏ.ஐ. இருக்கு. இன்னும் ஏன் இவை அந்தத் தடியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு அடி ஒரு அடியாத் தடவிக்கொண்டு இருக்கினம்?"

நியாயமான கேள்விதான். ஆனா பளைப் பக்கம் தென்னையும் கச்சானும் செய்யிற எனக்கு அதில வேற கருத்து இருக்கு. அந்தத் தடி பழசு எண்டதுதான் அதில இருக்கிற நல்ல விஷயம்.

முதல்ல அது எவ்வளவு பழசு எண்டு பார்ப்பம். கையில தூக்கிக்கொண்டு போகக்கூடிய மிதிவெடி தேடும் கருவியை உருப்படியாச் செய்து குடுத்தவர் யோசெப் கொசாட்ஸ்கி எண்ட போலந்து இராணுவ அதிகாரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில, 1941-42 குளிருக்குள்ள, ஸ்கொட்லாந்தில இருந்து செய்தவர். காப்புரிமை எடுக்கேல்லை. பிரித்தானிய இராணுவத்துக்குச் சும்மா குடுத்திட்டார். பதிலுக்கு அரசரிட்ட இருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. 1942-ல எல் அலமெய்ன் பாலைவனச் சண்டைக்கு 500 கருவி போனது. நிறை 14 கிலோவுக்குக் கிட்ட. அந்த வடிவத்தில வந்த கருவிகளைப் பிரித்தானிய இராணுவம் 1995 வரைக்கும் வைத்திருந்தது. ஐம்பது வருசத்துக்கு மேல! எங்கட ஊரில தண்ணி இறைக்கிற மெசின் கூட அவ்வளவு காலம் நிண்டு பிடிக்கிறது கஷ்டம்.

வேலை செய்யிற விதமும் எளிமையானது. தடியின்ர நுனியில செப்புக்கம்பிச் சுருள். அதுக்குள்ள மின்சாரம் மாறி மாறி ஓடேக்குள்ள மண்ணுக்குள்ள ஒரு காந்தப்புலம் போகும். கீழ இரும்போ செம்போ கிடந்தால் அதுக்குள்ளயும் சின்ன மின்னோட்டம் எழும்பி, திருப்பி ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அதை மெசின் பிடிச்சுக் காதில சத்தமாக்கும். அவ்வளவுதான். இப்ப எங்கட பக்கம் பாவிக்கிற கருவிகள் பாரம் குறைஞ்சது, நுணுக்கமானது, மண்ணில இருக்கிற இரும்புச்சத்துக்கு ஏற்ற மாதிரிச் சரிபண்ணக்கூடியது. இந்த முன்னேற்றத்தை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அடிப்படை அதேதான்.

இதில பெரிய பாய்ச்சல் வராததுக்கு ஒரு காரணம் இருக்கு. ஆழம் கூடக் கூடத் திரும்பி வாற சமிக்ஞை பயங்கரமாக் குறையும். சின்னத் துண்டு இரும்பு இரண்டு மடங்கு ஆழத்தில கிடந்தால் சத்தம் பாதியாகிறேல்லை, அறுபது மடங்குக்கு மேல குறையும். எவ்வளவு காசு குடுத்து மெசின் வாங்கினாலும் இந்தக் கணக்கை மாத்தேலாது. அதாலதான் சுருளை நிலத்தோட ஒட்டின மாதிரி, ஆறுதலாக் கொண்டுபோக வேண்டி இருக்கு.

இனி என்ர கருத்துக்கு வாறன். புதையல் தேடுற ஆக்கள் வாங்கிற விலை கூடின மெசின்களில ஒரு வசதி இருக்கு. "இது ஆணி, விட்டிடு, இது தங்கம், தோண்டு" எண்டு அதுவே தரம் பிரிச்சுச் சொல்லும். திரையில இலக்கம் காட்டும். எங்கட பக்கமும் அப்பிடியான மெசினோட இரவில காணிக்குள்ள இறங்கிப் பொலிசில பிடிபட்டவையின்ர செய்தி அப்பப்ப பேப்பரில வருது. அவைக்கு அந்த வசதி தேவை. மெசின் பிழையாச் சொன்னால் ஒரு மோதிரம்தானே தவறும்.

மிதிவெடி வேலைக்கு அந்த வசதி கூடாது. இஞ்ச புதைச்சுக் கிடந்த மிதிவெடிகளில கனக்க பிளாஸ்டிக் உடம்பு. உள்ள இருக்கிற உலோகம் சின்னத் துண்டுதான். அதுக்குப் பக்கத்தில செல் சிதறல், ரவைக் கோது, முள்ளுக்கம்பி எண்டு எல்லாம் கிடக்கும். "இது கம்பித்துண்டு போல கிடக்கு" எண்டு மெசின் ஊகிச்சு ஒருதரம் பிழைச்சால், பிறகு அந்த இடத்தில கச்சான் கொத்தப் போறது நானோ என்ர பிள்ளையோ. எனக்கு ஊகிக்கிற மெசின் வேண்டாம். "இதில ஏதோ கிடக்கு, பார்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, மிச்சத்தை மனிசரிட்ட விடுற மெசின்தான் வேணும்.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா கன வருசமா இந்த வேலைக்குப் போறா. குடும்பத்தைத் தனிய இழுக்கிற மனிசி. அவ சொல்லுவா: "தம்பி, காலமை வேலை தொடங்க முதல் ஒரு சின்ன இரும்பைக் காட்டி மெசின் கத்துதோ எண்டு பார்ப்பம். கத்தினால்தான் உள்ள போவம். பிறகு நாள் முழுக்க அது கத்திற இடமெல்லாம் கிண்டுவம். நூறு தரம் ஆணியும் கோதும்தான் வரும். நூற்றி ஓராவது தரமும் முதல் தரம் மாதிரித்தான் கிண்ட வேணும்." இரும்பு நிறைஞ்சு மெசின் விடாமல் கத்திற இடத்தில அதை வைச்சிட்டு, விறாண்டியால மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பார்ப்பினமாம். அது இன்னும் பழைய ஆயுதம்!

ட்ரோனை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எந்தப் பக்கம் பங்கர் இருந்தது, எங்க மண்ணணை போனது எண்டு மேல இருந்து பார்க்க அது உதவும். எந்தக் காணியில சந்தேகம் இல்லை எண்டு கெதியாப் பிரிச்சு எடுக்கவும் உதவும். ஆனா கடைசியாக "இதில இறங்கிக் கொத்தலாம்" எண்டு சொல்லுற வாக்கு, ஒரு மனிசர் முழங்காலில இருந்து, காதால கேட்டு, கையால பார்த்த வாக்கா இருக்க வேணும். என்ர காணியை நான் அப்பிடித்தான் திரும்ப வாங்கினனான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டினனான்.

இலங்கை 2017 டிசம்பரில ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது. மிதிவெடி எல்லாத்தையும் அகற்றி முடிக்கக் குடுத்த தவணை 2028 ஜூன். தவணை கிட்ட வர "கெதியா முடியுங்கோ" எண்டு நெருக்கடி வரும். காசு குடுக்கிற நாடுகளுக்கும் களைப்பு வரும். அப்ப ஆராவது வந்து, "ஆள் வேண்டாம், எங்கட புது மெசின் ஒரு கிழமையில முடிச்சுத் தரும்" எண்டால், கேட்கிறதுக்கு இனிப்பாத்தான் இருக்கும். கேட்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: அந்த மெசின் "ஒண்டுமில்லை" எண்டு சொன்ன நிலத்தில, அதை விக்க வந்தவர் தன்ர பிள்ளையை வெறுங்காலோட ஓட விடுவாரோ?

நகரத்தில இருக்கிற நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. வேலை மெதுவா நடக்குது எண்டு நக்கலடிக்காதேங்கோ. அந்த வேலைக்கு வாற காசு நிற்கப்போகுது எண்டு செய்தி வந்தால், அதை விலைவாசிச் செய்தி மாதிரிக் கவனிச்சு வாசியுங்கோ, நாலு பேரோட கதையுங்கோ. ஊருக்கு வந்து உங்கட பழைய வளவைப் பார்க்கப் போனால், பலகை போட்ட இடத்துக்குள்ள படம் எடுக்கக்கூட இறங்காதேங்கோ. அறியாத இரும்பு, பிளாஸ்டிக் ஏதும் கண்ணில பட்டால் தொடாமல், வந்த வழியால திரும்பிப் போய் கிராம சேவையாளரிட்டயோ பொலிசிட்டயோ சொல்லுங்கோ.