பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு எந்த ஓ.எஸ்.?



கொஞ்ச நாளாகப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சார், விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே. கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க. லினக்ஸ் போட்டாப் போதும்னு இன்னொருத்தர் சொல்றாரு. யாரு சொல்றதைக் கேக்க?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். புது லேப்டாப்புக்குக் கடன் வாங்கப் போகும் வீடு எதுவாவது இருந்தால், அவர்களாவது முழுசாகப் படிக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப்பக்கம் பரணில் கிடக்கும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் "எது பெஸ்ட் லினக்ஸ்?" என்று கேட்டுக்கொண்டு போனால் அந்த உயிர் திரும்பாது. உங்கள் மிஷின் எது, அதில் உங்களுக்கு என்ன வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். ஓ.எஸ். பெயர் அதற்குப் பிறகுதான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரெல்லாம் சொல்லும். பசுவந்தனைக் கரிசல் காட்டில் மானாவாரி பார்க்கிறவன் புரட்டாசி மழையை நம்பித்தானே விதைக்கிறான்? உளுந்தோ பருத்தியோ மக்காச்சோளமோ, நம் மண்ணுக்கும் மழைக்கும் தாங்குகிற விதையாகப் பார்த்துத்தான் எடுக்கிறோம். தண்ணீர் பாய்கிற ஊர்க்காரன் சொன்ன ரகத்தை வாங்கிப் போடுவதில்லை. கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான்.

முதலில் விண்டோஸ் 10 விஷயம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. லேப்டாப் அன்றைக்கே நின்றுபோகாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. அதில் சினிமா பார்ப்பது வேறு, பேங்க் கணக்கைத் திறப்பது வேறு. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். பழைய லேப்டாப்புகள் இங்கேதான் அடிபடுகின்றன. "இது வேஸ்ட், புதுசு வாங்குங்க" என்று கடைக்காரர் சொல்வது இதை வைத்துத்தான். விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை என்பது சரி. எதற்குமே லாயக்கில்லை என்பது சரியில்லை.

லினக்ஸ் என்பதை ஒரு வரியில் சொன்னால், அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. அதற்கு முன்பே ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கியிருந்த குனு திட்டத்தின் மென்பொருள்களோடு அது சேர்ந்து முழு ஓ.எஸ். ஆனது. டெபியன், உபுண்டு, மிண்ட், ஃபெடோரா எல்லாம் அந்த ஒரே மாவில் சுட்ட பலகாரங்கள். காசு கிடையாது, லைசென்ஸ் சாவி கிடையாது.

நம்மில் பலருக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு சேர்த்து பாஸ் என்ற லினக்ஸும் அதில் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். எத்தனை பிள்ளைகள் பாஸைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கையில் கொடுத்த அரசு, அதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யவில்லை. முதல் தடவை மக்கர் பண்ணியதும் கடைக்குப் போனது. கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். இப்படித்தான் நல்ல ஒரு வாய்ப்பு வீணானது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருள்தான். உபுண்டுவை அடிப்படையாக வைத்து, கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஓ.எஸ். தயார் செய்து தருகிறது. அங்கே அது நிலைத்ததற்குக் காரணம் ஓ.எஸ்.ஸின் மகிமை மட்டுமல்ல. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதினார்கள். நம் பிளஸ் ஒன் கணினிப் புத்தகங்களிலும் 2018-இல் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாக வந்தன. புத்தகத்தில் வந்தது வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் மிஷினுக்கு வருவோம். மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது ரேம். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் தெரியும். 8 ஜிபி இருந்தால் கவலையே வேண்டாம், உபுண்டு, மிண்ட் சின்னமன் எதுவும் போடலாம். 4 ஜிபி என்றால் மிண்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு இருக்கிறது, அது போதும். 2 ஜிபி என்றால் லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்ற இலேசானவை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எந்த லினக்ஸ் போட்டாலும் பிரவுசர் பிரவுசர்தான். 2 ஜிபியில் ஓ.எஸ். சுறுசுறுப்பாக எழுந்து நிற்கும்; யூடியூபோடு இன்னும் நாலு பக்கம் திறந்தால் திணறும். முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, 32 பிட்டா 64 பிட்டா. இங்கே பலரும் ஏமாந்துபோகிறார்கள். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் "32 பிட்" என்று திரையில் காட்டினால், அது உள்ளே போட்ட விண்டோஸின் கணக்கு. ப்ராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். ப்ராசஸரின் பெயரைக் குறித்துக்கொண்டு நெட்டில் தேடிப் பாருங்கள். 64 பிட் என்றால் பிழைத்தோம். நிஜமாகவே 32 பிட் என்றால் வழி குறுகல். உபுண்டு எப்போதோ நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் அதற்கான இன்ஸ்டாலர் கிடையாது. அந்த மாதிரி மிஷினுக்காகக் காசு செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது ஹார்டு டிஸ்க். பழைய லேப்டாப் ஆமையாக நகர்வதற்கு முக்கியக் காரணம் சுழலுகிற ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் வருகிற வேகம், எந்த ஓ.எஸ். மாற்றினாலும் வராது. கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால், அநேகமாக இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அடுத்தது தேவை. இதில் லினக்ஸ் பிரியர்களோடு எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸிலோ கடலைமிட்டாய்க் கம்பெனியிலோ டேலியில் கணக்கு எழுதுகிற பிள்ளை விண்டோஸிலேயே இருக்கட்டும். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. ஃபிளக்ஸ் அடிக்கிற, கல்யாணப் பத்திரிகை போடுகிற தம்பிகளுக்கு ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் சோறு போடுகின்றன. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் நல்லவைதான், ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் ஃபைல் அப்படியே திறக்கும் என்று சொல்ல முடியாது. பிழைப்பில் பரிசோதனை வேண்டாம். சி.ஓ.ஏ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், தேர்வு மையத்தில் எந்த மென்பொருள் என்று கேட்டு அதிலேயே பழகுங்கள்.

மற்றபடி? பிளஸ் டூ பையன் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் படிக்கிறான். இரண்டும் லினக்ஸில் காசில்லாமல், சுலபமாகக் கிடைக்கும். ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம் நிரப்புவது, பி.டி.எஃப். படிப்பது, கடிதம் அடிப்பது இதெல்லாம் பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் இருந்தால் முடிகிற வேலை. மார்க் பட்டியல், வரவு செலவு எல்லாம் கால்க்கில் போடலாம். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை உண்டு. பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் மட்டும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓ.எஸ். மாற்றாவிட்டாலும் அதைச் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று, நம் ஊர் நெட். வீட்டுக்கு வீடு ஃபைபர் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பலருக்கும் பொழுது போகிறது. ஃபெடோரா ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு தரும். பிறகு ஜிபி கணக்கில் இறக்கி அடுத்ததற்கு மாற வேண்டும். உபுண்டு எல்டிஎஸ் பதிப்பும் அதன் மேல் நிற்கும் மிண்டும் ஐந்து வருடம் தாங்கும். 2024-இல் வந்த மிண்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அடிக்கடி மாறும் புதுமையைவிட அசையாமல் நிற்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவை. பாஸ் போடலாமா என்று கேட்டால், மரியாதைக்குரிய முயற்சி என்பேன். ஆனால் சந்தேகம் வந்தால் பதில் சொல்ல ஆள் நிறைய இருப்பது மிண்ட், உபுண்டு பக்கம். தனியாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அதுதான் பெரிய பலம்.

தேர்ந்தெடுத்தபின் உடனே இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அழிந்துவிடும், கவனம். மிண்ட் ஃபைல் சுமார் 3 ஜிபி. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, டச்பேட், பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். பிரின்டரில்தான் பலருக்குச் சிக்கல் வரும். ஹெச்.பி. மாடல்களில் பெரும்பாலானவை சரியாக ஓடும். சில கம்பெனிகளின் பழைய லேசர் பிரின்டர்கள் படுத்தி எடுக்கும். எல்லாம் சரி என்றால், போட்டோ, சர்டிபிகேட், கணக்கு என்று முக்கியமானதை எல்லாம் வெளியே பத்திரப்படுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிடுங்கள், பழையபடி விண்டோஸ் வரும். இந்தச் சோதனையில் உங்களுக்கு நஷ்டம் ஒரு நாள் நேரம்.

"லினக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் ஓடுவதே லினக்ஸ் கருவில்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில் ஓடுகின்றன. பரணிலிருந்து இறக்கிய லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து நாலு கட்டளை பழகிய பிள்ளைக்கு, நாளைக்கு ஐ.டி. கம்பெனி சர்வரைப் பார்த்தால் பயம் இருக்காது. இங்கிலீஷ் தடையாக இருந்தால், 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இணைய இதழில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம். விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் குழு இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கமும் அப்படி ஒன்று வரட்டுமே. என்னிடம் படித்து இன்று பெங்களூரிலும் சென்னையிலும் சாப்ட்வேரில் இருக்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பென் டிரைவில் மிண்ட் போட்டு எடுத்து வாருங்கள். சித்தப்பா வீட்டில், அத்தை வீட்டில் பரணில் கிடப்பதை இறக்கி ஒரு மணி நேரம் உட்காருங்கள். போட்டுக் கொடுப்பதோடு எழுந்துவிடாமல், பக்கத்தில் இருக்கும் பிள்ளையை உட்கார வைத்து அதன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

லேப்டாப் மாடல், ரேம், என்ன வேலைக்கு என்ற மூன்றையும் கீழே கமெண்டில் எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விவரம் தெரிந்த பிள்ளைகளும் பதில் சொல்லுங்கள். கடையில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள், அது முக்கியம்.