தோட்டத்தில் விட்டால் சரியாகிவிடுமா?

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் போன வாரம் ஒரு பேச்சு. ஒருவரின் பேரன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டான். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறான், மனசு உடைந்தால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான். மனநல மருத்துவர் 'ஆளுமைக் கோளாறு' என்று சொல்லி, வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார். உடனே நாலு பேர், "பேசிப் பேசி என்ன சார் ஆகப்போகுது? ஊருக்கு அனுப்புங்க, மண்ணுல கால் வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "தோட்டக்கலைத் துறையில இருந்தவர், நீங்க சொல்லுங்க சார்!"

நான் சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. அங்கே முழுதாகச் சொல்லவும் முடியவில்லை.

இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் மகளுக்கு 'பார்டர்லைன்' வகை ஆளுமைக் கோளாறு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அந்த டாக்டரை விடுப்பா, ரெண்டு மாசம் என் தோட்டத்துல இருக்கட்டும்" என்று அழைத்துப் போனேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர். முதல் மூன்று வாரம் அவள் முகமே மாறிவிட்டது. கத்தரி நாற்றங்கால் முழுக்க அவள் பொறுப்பு. நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

பிறகு இரண்டு நாள் விடாத மழை. நாற்றழுகல் வந்து பாதி நாற்று ஒரே இரவில் சாய்ந்தது. விவசாயம் செய்தவர்களுக்கு இது சாதாரணம். அவளோ நன்றாக இருந்த மீதி நாற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, "நான் தொட்டா எதுவும் பிழைக்காது அங்கிள்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? வேற விதை போட்டா போச்சு." ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்று இரவு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டாள். அவள் அப்பா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது வேறு உறுத்துகிறது.

மார்ஷா லைனஹன் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். பார்டர்லைன் நோயாளிகளுக்காக டி.பி.டி. என்ற சிகிச்சையை உருவாக்கி, 1993-இல் அதைப் புத்தகமாக்கியவர். பதினேழு வயதில், 1961-இல், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர் தாம் என்பதை 2011-இல்தான் வெளியில் சொன்னார். அவர் கருத்துப்படி இந்த நோய்க்கு இரண்டு வேர்கள். ஒன்று, பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று பொங்கி மெதுவாக அடங்கும் சுபாவம். இன்னொன்று, அந்த உணர்ச்சியை 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று ஓயாமல் தள்ளிவிடும் சுற்றம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, தோட்டம் என்ன செய்தது? உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தது. 'ஒன்று போனால் எல்லாம் போச்சு' என்ற அவள் நினைப்பு நாற்றங்காலில் கண்முன் நின்றது. அந்த நிமிடத்தில் பக்கத்தில் இருந்து, அவள் வேதனை நிஜம் என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிடுங்கத் துடிக்கும் கையை எப்படிப் பத்து நிமிடம் நிறுத்துவது என்று கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. நான் இருந்தேன். எனக்குப் பூச்சிமருந்து தெரியும், மனசு தெரியாது.

'மருந்தே எல்லாம் பார்த்துக்கொள்ளும்' என்பவர்களுக்கும் ஒன்று. பார்டர்லைன் கோளாறுக்கென்று தனியாக மாத்திரை கொடுக்காதீர்கள் என்றுதான் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-இல் வழிகாட்டியது. பேச்சு சிகிச்சைதான் முதன்மை. 'அது குணம், மாறாது' என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 290 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து மேரி ஸனரினி குழுவினர் 2010-இல் வெளியிட்ட முடிவு: நூற்றுக்கு 93 பேருக்கு நோய்க்குறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தன. ஆனால் வேலை, உறவு என்று வாழ்க்கையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான்.

அந்த மீதிப் பாதிக்குத்தான் தோட்டம் வேண்டும் என்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எங்கள் வீட்டுப் பெண்ணும் அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். விதைப் பாத்திக்குத் தண்ணீர் யார் முறை என்று இன்னொருவரோடு முட்டிக்கொள்ளும்போது ஒருவர் பழகும் விதம் முழுதாகத் தெரிந்துவிடும். அதை அங்கேயே குழுவாக உட்கார்ந்து பேசலாம். இங்கிலாந்தில் ஸ்லவ் நகரத்துப் பக்கம் ரெக்ஸ் ஹே என்ற மனநல மருத்துவர் இப்படித்தான் செய்துகாட்டினார். வட்டக் கூடாரம் ஒன்று, சுற்றிலும் தோட்டம், சேர்ந்து சமையல், கூடவே குழு சிகிச்சை. இந்த வகை முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறியவைதான். டி.பி.டி.க்கு இருக்கும் அளவு சான்று தோட்டத்துக்கு இல்லை. அதனால்தான் 'பதிலாக' என்று சொல்லாதீர்கள், 'கூடவே' என்று சொல்லுங்கள் என்று கத்துகிறேன்.

நமக்கு இடமா இல்லை? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையே 1871-இல் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு வந்ததுதான். மாவட்டந்தோறும் தோட்டக்கலைத் துறை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இந்த இரண்டு துறை ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து என் முப்பத்திரண்டு வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இடையில், 'இயற்கை சிகிச்சை' என்று பலகை மாட்டி, சேற்றுக் குளியலுக்கும் இளநீருக்கும் ஆயிரக்கணக்கில் வாங்கும் ரிசார்ட்டுகள்தான் பெருகுகின்றன. அங்கே நோயாளி அழுதால் யார் பக்கத்தில் உட்காருவார்?

பேரனைப் பற்றிக் கேட்டாரே, அவருக்கு நான் சொன்னது இதுதான். அந்த வாரச் சந்திப்பை ஒன்றுகூடத் தவறவிடாதீர்கள். அவசரத்துக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை வீட்டில் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் வேண்டுமா, மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் என் நிலம் இருக்கிறது, காசு வேண்டாம். ஆனால் சிகிச்சை கொடுப்பவர் ஒருவர் கூட வரவேண்டும். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த தாழ்வாரம் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, பத்து பேர் வட்டமாக உட்காரலாம். மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம். அதற்கு முன் வந்தால் நல்லது.