கருவிக்குக் கஞ்சி ஊற்றுவது யார்?

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை! பக்கத்து ஊத்தங்கரையில் 50! தருமபுரி மலையோரத்தில் தானியங்கி வானிலை நிலையங்கள் வேண்டுமென்கிறோம், வேண்டும்தான். ஆனால் அவற்றின் உயிர் 12 வோல்ட் பாட்டரியில் அல்லவா இருக்கிறது! சூரியத் தகட்டில் புழுதி படிந்தால் மின்னேற்றம் குறையும். அரைவயிற்றுடனேயே கிடக்கும் ஈய-அமில பாட்டரியில் சல்பேட் இறுகும். பிறகு ஏற்றினாலும் ஏறாது. அது காலை வாருவது எப்போது? வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும் ஐப்பசி கார்த்திகையில்! மழையன்று கண்மூடும் கருவி எதற்கு?

திறப்பு விழாவுக்கு மாலை உண்டு. தகடு துடைக்கக் கந்தல் துணிக்கு ஒதுக்கீடு உண்டா? சித்தேரி மலையென்றாலும் ஏறிச்சென்று துடைத்து, முனைகளைச் சுரண்டி, மின்னழுத்தம் பார்க்கும் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் பயணப்படியும் கொடுங்கள் என்கிறோம். செத்த பாட்டரிகளைப் புரட்டாசி முடியுமுன் மாற்றுங்கள்!